மறதி இல்லாத செல்

கேள்வி: ஒரு வேலைக்கென்றே தேர்ந்த செல், தன் தொழிலை மறந்துவிட்டுப் பிஞ்சு நிலைக்குத் திரும்புமாமே! அப்படியானால் மனிதனும் இளமைக்குத் திரும்பலாம்தானே?

பதில்: மறந்துவிடும் என்று யார் சொன்னது? ஆக்சலாட்டில் என்ற நீர்வாழ் சாலமாண்டருக்குக் கால் துண்டானால், தோல் ஓடிவந்து காயத்தை மூடும். அடியில் சின்ன மொட்டுப் போல ஒரு திரட்சி. அதிலுள்ள செல்களைப் பார்த்தால் எது தசை, எது எலும்பு என்று சொல்ல முடியாது. சரி, எல்லாம் மறந்து வெற்றுச் செல்லாகிவிட்டன என்றுதான் பலரும் நினைத்தார்கள். 2009-இல் திசுவாரியாக ஒளிரும் அடையாளம் வைத்துத் தொடர்ந்தபோது குட்டு வெளிப்பட்டது. தசையிலிருந்து வந்தவை தசையை மட்டுமே செய்தன. குருத்தெலும்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை!

ஆனால் ஆய்வுக்கூடத்தில் செல்லைப் பிஞ்சு நிலைக்கு முழுக்கத் திரும்ப வைக்கவும் முடியும். 1962-இல் ஜான் கர்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர், தலைப்பிரட்டையின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு அழிக்கப்பட்ட தவளை முட்டைக்குள் வைத்தார். சில முட்டைகள் புதிய தலைப்பிரட்டைகளாயின. குடலாகிப் போன செல்லிடமும் முழுத் தவளைக்கான குறிப்பு பத்திரமாக இருந்திருக்கிறது.

இந்தக் கர்டன் பள்ளியில் உயிரியலில் 250 பேரில் கடைசி. இவர் விஞ்ஞானியாக நினைப்பது அபத்தம் என்று 1949-இல் ஆசிரியர் எழுதியே கொடுத்துவிட்டார். கர்டன் அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். ரேங்க் கார்டை ஒழிக்கச் சொல்லி நான் எழுதும்போதெல்லாம் சீறிக் கடிதம் போடும் அன்பர்கள், அந்தச் சட்டத்தின் முன்னால் நின்று கொஞ்ச நேரம் சீறட்டும். 2012-இல் அவருக்கு நோபல் பரிசு!

இளமைதானே கேட்டீர்கள்? டுரிட்டாப்சிஸ் என்று ஒரு ஜெல்லி மீன். பட்டினியோ காயமோ வந்தால் உருண்டையாகச் சுருங்கி, அடியில் ஒட்டிக்கொண்டு, மறுபடி பாலிப் என்ற தன் குழந்தைப் பருவத்துக்கே போய்விடும். பென்ஷன் வாங்கக் கிளம்பிய தாத்தா எல்.கே.ஜி.யில் போய் உட்கார்ந்த கதை. ஆனால் அதற்கு மூளை கிடையாது. அந்த நிபந்தனைக்குச் சம்மதம் என்றால் தாராளமாக முயலுங்கள்.

நோபலைக் கர்டனோடு பகிர்ந்துகொண்ட ஷின்யா யமனகா, 2006-இல் நான்கே மரபணுக்களைச் செலுத்தி எலியின் முதிர்ந்த செல்களைக் கருநிலைக்கு ஒப்பான ஸ்டெம் செல்களாக, அதாவது பல வகைச் செல்களாகவும் மாறக்கூடியவையாக, மாற்றினார். அந்த நான்கில் ஒன்றான சி-மிக், புற்றுநோயைத் தூண்டக்கூடியது. 'ஸ்டெம் செல் க்ரீம், பூசினால் இளமை' என்று விளம்பரத்தோடு இங்கே வருகிறவர்களிடம், நான்கில் எதைக் கலந்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். அப்புறம் அவர்கள் வருவதில்லை. விளம்பரப் பிரிவுக்கு என் மேல் கோபம்.