காணாமற்போன நிகழ்ச்சியின் ஸ்டாக் ஷாட்டுகளை எப்படி அடையாளம் காண்பது?

படமே அழிந்துபோன ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் எந்தெந்த ஸ்டாக் ஷாட்டுகள், அதாவது வேறொருவர் முன்பே எடுத்து வைத்திருந்ததை வாங்கிச் சேர்த்த காட்சிகள், இருந்தன என்று எப்படிச் சொல்ல முடியும் எனக் கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றித் தருவது என் தொழில் என்பதால், இந்தக் கேள்வி என்னிடமும் அவ்வப்போது வருவதுண்டு. பல சமயங்களில், நிகழ்ச்சிக்காகவே எடுத்த காட்சிகளைவிட வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த காட்சிகளைத்தான் எளிதில் மீட்க முடிகிறது. ஏனெனில் அவற்றின் மூலம் வேறொருவரிடம் இருந்தது, அதை வாங்கிய கணக்கும் எங்கோ எழுதப்பட்டிருந்தது.

ஆகவே முதலில் காகிதத்தைத் தேடுங்கள். இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனம் 1960-களின் 'டாக்டர் ஹூ' என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் பல பகுதிகளை, நாடா விலை அதிகம் என்பதாலும் மறுஒளிபரப்புக்குத் தேவையிருக்காது என்று எண்ணியதாலும் அழித்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஒளிபரப்பானபின், அதில் சேர்ந்த இசை, படத்துண்டு ஆகியவற்றைக் குறித்து நிரப்பிய படிவங்களை அது அழிக்கவில்லை. பர்மாவில் எங்கள் ஊர்க்காரர்கள் வைத்திருந்த கடை கைவிட்டுப் போன பிறகும் அதன் ஐந்தொகை (கணக்கு) இங்கே வீட்டுப் பெட்டகத்தில் கிடப்பதைப் போன்றதுதான் இது.

அத்தகைய குறிப்பில் அடிக்கணக்கு இருந்தால் அதை நேரமாக மாற்றிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, 35 மி.மீ. படச்சுருள் 75 அடி என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் அடிக்கு 16 சட்டகம் (ஃபிரேம்) வீதம் மொத்தம் 1,200 சட்டகங்கள். இங்கிலாந்திலும் நம் நாட்டிலும் தொலைக்காட்சி நொடிக்கு 25 சட்டகம் ஓட்டுவதால் அது சரியாக 48 நொடி வரும். அதே துண்டு திரையரங்க வேகத்தில், அதாவது நொடிக்கு 24 சட்டகத்தில், 50 நொடி ஓடும். செய்திப்படக் களஞ்சியத்தில் கிடைத்த காட்சி இரண்டு நொடி கூடுதலாக இருக்கிறதே என்று பலர் சரியான துண்டையே ஒதுக்கிவிடுகிறார்கள்.

அடுத்தது ஒலி. 'டாக்டர் ஹூ'வில் படம் இழந்த எல்லாப் பகுதிகளுக்கும், ரசிகர்கள் வீட்டில் பதிந்து வைத்த ஒலி கிடைத்திருக்கிறது. 1966 ஜனவரி 1 அன்று ஒளிபரப்பான பகுதியில், கதாநாயகனின் வாகனம் லண்டன் ஓவல் மைதானத்தில் நடக்கும் கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவே வந்து இறங்கும். குளிர்காலத்தில் தயாரான அந்தப் பகுதிக்காக எவரும் கோடைக்கால ஆட்டமொன்றைப் புதிதாகப் படம் பிடித்திருக்க மாட்டார்கள். மைதானம் முழுவதும் தெரியும் காட்சி அதில் இருந்திருந்தால் அது கடன் வாங்கியதாகத்தான் இருக்க வேண்டும். படத்தைப் பார்க்காமலேயே இவ்வளவு தூரம் யோசித்துவிடலாம்.

ஒலி இதைவிட நேரடியாகக் காட்டிக்கொடுப்பதும் உண்டு. பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கொண்டுவந்த ஆடியோ கேசட்டில், பர்மாவிலிருந்து திரும்பியவர்களைப் பற்றிய பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் ஒலி மட்டும் பதிவாகியிருந்தது. தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தது, நடுவில் குக்கர் விசிலும் கேட்கிறது. தமிழ் வர்ணனையாளர் மூச்சு வாங்கும் ஓரிடத்தில், அடியில் மெல்லியதாக ஆங்கிலச் செய்திப்படக் குரலின் அரை வாக்கியமும் அணிவகுப்பு இசையும் எட்டிப்பார்த்தன. ஹெட்போனில் அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு வார்த்தைகளை எழுதிக்கொண்ட பிறகுதான், எந்தக் காலத்துச் செய்திப்படங்களில் தேட வேண்டும் என்பதே எனக்குப் பிடிபட்டது. பழைய செய்திப்படங்களை வைத்திருக்கும் பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் 2014-ல் ஏறத்தாழ 85,000 படங்களை யூடியூபில் ஏற்றிவிட்டதால், இப்போது இந்தத் தேடலை வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் ஒலி பொருந்தினால் ஒலி பொருந்தியது என்று மட்டுமே எழுத வேண்டும். படத்தொகுப்பாளர் அதே ஒலியின்மேல் வேறு படத்தை ஒட்டியிருக்கவும் கூடும்.

திரையிலிருந்து எடுத்த நிழற்படம் கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். அப்போது கட்டடத்தையும் கூட்டத்தையும் பார்ப்பதோடு நிறுத்தாமல், கீறல், மேகத்தின் வடிவம், ஒருவர் கை எந்த உயரத்தில் நிற்கிறது என்பனவற்றையும் ஒப்பிடுங்கள். இடவலம் மாற்றியும் பாருங்கள். காட்சியைத் திருப்பிப் போடுவது படத்தொகுப்பில் சாதாரணம், கடைப் பலகை எழுத்தும் சட்டைப் பொத்தானும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

நம் பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு, அது தொலைக்காட்சி அல்ல, திரைப்படம். கோட்டையூர்க்காரரான ஏ. கே. செட்டியார் 1940-ல் வெளியிட்ட காந்தி ஆவணப்படம், உலகின் பல மூலைகளில் பலர் எடுத்து வைத்திருந்த சுருள்களைத் தேடிப்பிடித்துத் தொகுத்தது. அதன் தமிழ் மூலம் கிடைக்கவில்லை. 1953-ல் அமெரிக்காவில் வெளியான ஆங்கில வடிவம் கிடைத்திருக்கிறது. சுருள்களைத் தேடி அலைந்த கதையை அவரே 'குமரி மலர்' இதழில் எழுதியிருப்பதால், எது எங்கிருந்து வந்திருக்கலாம் என்று தேடுகிறவர் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை.

உங்களிடம் ஏதாவது கேசட் இருந்தால், ஒலிக்கவிடும் முன் அதன் மேல்விளிம்பில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிடுங்கள். தவறிப்போய் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் இருப்பது அழியாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் போட்டே பார்க்க வேண்டாம், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.