ஓடாத ரேடியோவையே வாங்குங்கள்

வாசகர் கேள்விகள்: பழைய வாகன ரேடியோக்கள்

கேள்வி: என்னிடம் 1951-ஆம் ஆண்டு செவர்லே 3100 பிக்கப் டிரக் இருக்கிறது. டாஷ்போர்டில் ரேடியோ இருக்க வேண்டிய இடத்தைத் தகடு போட்டு மூடியிருக்கிறார்கள். அசல் ரேடியோ தேடியதில் இரண்டு கிடைத்தன. ஒன்று ஓடவில்லை, ஆனால் முகப்பு முழுதாக இருக்கிறது. மற்றொன்று நன்றாகப் பாடுகிறது. டயல் விரிசல், குமிழ்கள் இல்லை, டயலில் இரண்டு சிறிய முக்கோணக் குறிகள். எதை வாங்கலாம்?
- வாசகர், மிச்சிகன்

பதில்: ஓடாததை வாங்குங்கள். கெட்டுப்போன கண்டென்சருக்கு (மின்சாரத்தைத் தேக்கும் சிறு உறுப்பு) மாற்று எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். வால்வுகளும், அதாவது உள்ளே ஒளிரும் கண்ணாடிக் குழல்களும், தேடினால் கிடைக்கின்றன. முகப்பும் டயலும் பொருத்துச் சட்டமும் அப்படியல்ல. அவை வேண்டுமென்றால் இன்னொரு ரேடியோவைத்தான் பிரிக்க வேண்டும். எனக்கு அதில் சம்மதமில்லை.

அந்த முக்கோணங்களை நீங்கள் கவனித்தது மிக நல்லது. அவை 640, 1240 என்ற எண்களில் இருக்கும். பனிப்போர்க் காலத்தில், வான் தாக்குதல் அபாயம் வந்தால் அமெரிக்க மக்கள் கேட்க வேண்டிய இரண்டு அலைவரிசைகள் அவை. 1953 முதல் 1963 வரை அங்கே விற்ற ரேடியோக்களில் அந்தக் குறி இருந்தது. ஆகவே அது உங்கள் 1951 டிரக்கோடு வந்த ரேடியோ அல்ல. 1954-இல் செவர்லே டிரக்கின் டாஷ்போர்டே மாறிவிட்டதால், அது பொருந்தாமலும் போகலாம். உங்கள் டிரக்கின் அதே ஆண்டுச் செவர்லே கார் ரேடியோவைக் காட்டி "எல்லாம் ஒன்றுதான்" என்று விற்பார்கள், நம்பாதீர்கள். காரின் டாஷ்போர்டு வேறு.

டிரக் ரேடியோ அரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1947-இல் வந்த இந்த வரிசையில் ரேடியோ தனிக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். வைக்கோலும் சிமெண்டும் ஏற்றியவர்கள் அதற்கு ஏன் செலவழிக்கப் போகிறார்கள்? அக்டோபரில் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் கூடும் பழைய உதிரிபாகச் சந்தைக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஸ்பீக்கரையும் சேர்த்தே கேளுங்கள்.

வாங்கியதும் பேட்டரியில் இணைத்துப் பார்க்க மனம் துடிக்கும். தயவுசெய்து வேண்டாம்! உங்கள் டிரக் 6 வோல்ட். வால்வுகளுக்கு 200 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். அதற்காக உள்ளே வைப்ரேட்டர் என்ற ஒரு தகர உருளை இருக்கிறது. அதனுள் ஒரு மெல்லிய நாக்கு, தேன்சிட்டின் இறகைப் போல, நொடிக்கு நூறு தடவைக்கு மேல் துடித்து மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும். அதை டிரான்ஸ்பார்மர் ஏற்றிக் கொடுக்கும். டிரான்ஸ்பார்மரின் உயர் அழுத்தச் சுற்றுக்குக் குறுக்கே பஃபர் கண்டென்சர் ஒன்று நிற்கும். அந்தக் காலத்துக் காகிதக் கண்டென்சர் ஈரம் குடித்து மின்சாரத்தைக் கசியவிடும். அது ஷார்ட் ஆனால் டிரான்ஸ்பார்மர் கருகும். எளிதில் கிடைக்காத உறுப்பு அதுதான்.

ஆகவே முதல் வேலை, பஃபரை மாற்றுவது. பழையதில் எழுதியிருக்கும் அதே மதிப்பு, தாங்கும் அழுத்தம் 1600 வோல்ட் அல்லது அதற்கு மேல். மதிப்பைக் கூட்டிக் குறைக்காதீர்கள். அந்த டிரான்ஸ்பார்மருக்கென்றே கணக்கிட்டு வைத்தது. பிறகு மற்ற காகிதக் கண்டென்சர்களையும் எலக்ட்ரோலிட்டிக் வகைக் கண்டென்சர்களையும் மாற்றுங்கள். வைப்ரேட்டர் ரீங்கரிக்கவில்லை என்றால் அதன் முனைகளில் கறை படிந்திருக்கலாம்; சுத்தம் செய்யலாம், அல்லது ஒலியெழுப்பாத எலக்ட்ரானிக் மாற்றைச் செருகலாம். என்னைக் கேட்டால், அந்த ரீங்காரம் இருக்கட்டும்.

சோதிக்கும்போது ஸ்பீக்கர் இணைந்தே இருக்க வேண்டும். ரேடியோ 6 முதல் 8 ஆம்பியர் இழுக்கும். சிறிய அடாப்டர் போதாது. பியூஸ் இல்லாமல் இணைக்காதீர்கள், உள்ளே கை வைக்காதீர்கள். வண்டியில் பொருத்தியபின் ஆண்டெனாவை உயர்த்தி, 1400 பக்கம் மெல்லக் கேட்கும் நிலையம் ஒன்றை வைத்து, ரேடியோவை ஆண்டெனாவுக்கு ஏற்பச் சரிசெய்யும் ட்ரிம்மர் திருகை ஒலி மிகுதியாகும்வரை திருப்புங்கள். இதைச் செய்யாமலே "எதுவும் எடுக்கவில்லை" என்று ரேடியோவைத் திருப்பி அனுப்புகிறவர்கள் அதிகம்.

கேள்வி: 1955 ஃபோர்டு எஃப்-100. இன்ஜின் நிற்கும்போது ரேடியோ தெளிவு. ஓட்டினால் இரைச்சல் தாங்கவில்லை.
- வாசகர், டெக்சாஸ்

பதில்: ரேடியோவைக் கழற்றாதீர்கள், காதைத் தீட்டுங்கள். வேகத்தோடு கூடும் படபடப்பு என்றால் ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம். இரைச்சலைக் குறைக்கும் ரெசிஸ்டர் பிளக் போடுங்கள். சங்கு ஊதுவதுபோல ஏறி இறங்கினால் டைனமோ. அதன் ஆர்மேச்சர் முனையில், அதாவது மின்சாரம் வெளிவரும் முனையில், கண்டென்சர் வையுங்கள். ஃபீல்டு முனையில் வைத்துவிடாதீர்கள், டைனமோவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் முனைகள் எரிந்துபோகும். இவற்றுக்கெல்லாம் முன்னால் ஆண்டெனா அடியில் பெயிண்டையும் துருவையும் சுரண்டி, தகட்டோடு எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு இணைந்திருக்கும்; செவர்லேயில் நெகட்டிவ் முனை. செவர்லேயில் இருந்து கழற்றிய ரேடியோவை அதில் வைப்பதாக இருந்தால் பழுது பார்ப்பவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சில வைப்ரேட்டர் அமைப்புகளுக்கு மின்முனை மாறினால் ஆகாது.

கேள்வி: என் பழைய ரேடியோவின் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு புளூடூத் போர்டு வைக்கலாமா?
- வாசகி, நியூ ஜெர்சி

பதில்: வேண்டாம், அம்மா. சிறிய ஏஎம் டிரான்ஸ்மிட்டர் ஒன்றைக் கைபேசியில் இணைத்து இருக்கைக்கு அடியில் வையுங்கள். டயலில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினால், நீங்கள் விரும்பும் பாட்டை அந்த வால்வுகளே பாடும்.