அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸிலிருந்து, கொலராடோ மாநிலத்தின் மலை ஊரான சில்வர்டனுக்கு ஒரே நாளில் காரில் போய்விட முடியுமா?

முடியும். நான் ஒரு தடவை அப்படிப் போயிருக்கிறேன். அடுத்த தடவை அப்படிப் போகவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை பீனிக்ஸில் 31 நாள் தொடர்ந்து வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, அதாவது நம் கணக்கில் 43 செல்சியஸுக்கு மேல். ராத்திரி பதினோரு மணிக்குக் குப்பையைப் போட வெளியே போனாலும் அடுப்பு முன்னால் நிற்பது போலிருக்கும். எங்காவது குளிருக்குப் போயே ஆக வேண்டும் என்று மனைவி சொல்ல, கொலராடோவின் சான் ஹுவான் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) என்று முடிவானது. அந்த மாநிலத்திலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த கவுண்டி அது. 2020 கணக்கெடுப்பில் எழுநூறு பேர் சொச்சம்தான். அங்கே ஊர் என்று சொல்ல இருப்பது சில்வர்டன் ஒன்றுதான். பீனிக்ஸில் எங்கள் குடியிருப்பு வளாகத்தில் மட்டும் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

தூரம் சுமார் 500 மைல். மேப் ஒன்பது மணி நேரம் என்று காட்டும். குழந்தையோடு போனால் பதினொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஐந்து மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம் போட்டு, எட்டு மணிக்குக் கிளம்பினோம்.

ஃபிளாக்ஸ்டாஃப் வரை ஏற்றம்தான். இரண்டரை மணி நேரத்தில் கள்ளிச்செடி போய் பைன் காடு வந்துவிடும். அதற்கு வடக்கே நவஹோ என்ற பழங்குடி மக்களின் தனி நிலப்பகுதி. டூபா சிட்டியிலிருந்து கயென்டாவுக்குச் சுமார் 70 மைல், நடுவே பெரிதாக ஒன்றும் கிடையாது. பெட்ரோல் பாதிக்குக் கீழே வந்துவிட்டால் டூபா சிட்டியிலேயே நிரப்பிவிடுங்கள். இருட்டிய பிறகு அந்தச் சாலையில் போகாதீர்கள், மாடும் குதிரையும் குறுக்கே வரும். அப்புறம், அந்தப் பகுதிக்குள் மது வைத்திருப்பதே குற்றம். டிக்கியில் பீர் இருந்தால் ஃபிளாக்ஸ்டாஃபிலேயே இறக்கிவிடுவது நல்லது.

நான் மாட்டிக்கொண்டது வேறு விஷயத்தில். கடிகாரம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களைப் போல அரிசோனாவில் கோடையில் நேரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவதில்லை. ஆனால் அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவஹோ பகுதியில் தள்ளுவார்கள். அந்த நவஹோ பகுதிக்கு நடுவே தீவு போல இருக்கும், ஹோப்பி என்ற இன்னொரு பழங்குடியினரின் பகுதியிலோ தள்ளுவதில்லை! டூபா சிட்டி நவஹோவைச் சேர்ந்தது. அதை ஒட்டியே இருக்கும் மோயென்கோப்பி ஹோப்பியைச் சேர்ந்தது. அங்கே என் போன் ஒரு மணி நேரம் முன்னே போவதும் பின்னே வருவதுமாக இருந்தது. எரிச்சலில் தானாக நேரம் மாறும் வசதியை அணைத்துவிட்டேன். கொலராடோவுக்குள் நுழைந்ததும் திரும்பப் போட வேண்டும் என்பது நினைவில் இல்லை. சில்வர்டனில் இறங்கியபோது என் போனில் ஏழேகால். ஊரில் எட்டேகால். சாப்பிடலாம் என்று நினைத்த இடத்தில் எட்டு மணிக்கே அடுப்பை அணைத்துவிட்டார்களாம். காலையில் கட்டிய புளிசாதம் மிச்சம் இருந்தது, பிழைத்தோம்.

அந்த ராத்திரி தலைவலி வேறு. பீனிக்ஸ் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர், சில்வர்டன் 2,840. தொட்டபெட்டா சிகரமே 2,637தான், ஆனைமுடி 2,695. தென்னிந்தியாவில் எந்த மலை உச்சியில் நின்றாலும் இந்த ஊர்க் கடைத்தெரு அதைவிட உயரம். ஊருக்குப் போகும் வழியில் மோலஸ் கணவாய் இன்னும் மேலே, 3,325 மீட்டர். காலையில் பாலைவனத்தில் இருந்த உடம்பை அன்று மாலையே அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைத்தால் அது சும்மா இருக்குமா? மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கும் மனைவிக்கும் விடியும்வரை தூக்கமில்லை.

அதனால் அடுத்த தடவை, சில்வர்டனுக்கு முன்னால் வரும் டுராங்கோ என்ற ஊரில் ஒரு ராத்திரி தங்கினோம். அது சுமார் 2,000 மீட்டர், கிட்டத்தட்ட கொடைக்கானல் உயரம். உடம்பு பழகிக்கொள்ளும். மறுநாள் காரை அங்கேயே விட்டுவிட்டு ரயிலில் போனோம். 1882 முதல் சில்வர்டனுக்கு ஓடும் நீராவி ரயில், 45 மைல், மூன்றரை மணி நேரம். ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு அந்த வேகம் பழக்கமானதுதான். தண்டவாளம் ஊட்டியினுடையதைவிடவும் குறுகல், மூன்றடி. மலைச்சரிவை ஒட்டிப் போகும்போது கீழே அனிமாஸ் ஆறு தெரியும். 2015-ல் சில்வர்டனுக்கு மேலே கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றிலிருந்து கழிவுநீர் பீறிட்டு ஆரஞ்சு நிறமாக ஓடியதே, அதே ஆறு. நாங்கள் பார்த்தபோது பச்சையாக இருந்தது.

குளிர்காலத்தில் போவதாக இருந்தால், பீனிக்ஸ் காரில் வேண்டவே வேண்டாம். சில்வர்டனுக்குத் தெற்கேயும் வடக்கேயும் கணவாய்கள். பனிச்சரிவு அபாயம் வந்து இரண்டு பக்கமும் சாலையை மூடினால் வெளியே வர வேறு வழி கிடையாது. பீனிக்ஸிலிருந்து டுராங்கோவுக்கு விமானம் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். அங்கே போய் நிலவரம் பார்த்து முடிவு செய்யுங்கள். குளிர்காலத்தில் ரயிலும் சில்வர்டன் வரை போகாது.

திரும்பும் பயணத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் கஷ்டம். ஞாயிறு மாலை ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து இறங்கினால் பீனிக்ஸில் பாதிப்பேர் உங்களுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருப்பார்கள். ஊர்ந்து ஊர்ந்து வரும்போது காரின் திரையில் வெப்பம் ஏறுவதைப் பார்க்கலாம்: ஃபிளாக்ஸ்டாஃபில் 26, கேம்ப் வெர்டியில் 38, வீட்டு வாசலில் ராத்திரி ஒன்பது மணிக்கு 41. முடிந்தால் திங்கட்கிழமைக்கும் லீவு போட்டுவிடுங்கள்.

சில்வர்டனில் குடித்து முடித்து மூடி போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று சீட்டுக்கு அடியில் கிடந்தது. வீட்டுக்கு வந்து எடுத்தால், மலையைவிடக் கீழே காற்றழுத்தம் அதிகம் அல்லவா, யாரோ கையால் பிழிந்தது போல நசுங்கியிருந்தது. குப்பையில் போடப் போனேன். மகள் பிடுங்கிக்கொண்டாள், மறுநாள் பள்ளியில் காட்ட வேண்டுமாம்.