வயது போன பிறகும் பழைய சூப்பர் ஹீரோ காமிக்ஸ்களைத் தேடித் தேடி வாங்குகிறார்களே, அவற்றில் அப்படி என்ன இருக்கிறது? அதே கதைகள்தான் சினிமாவாகவும் பளபளப்பான மறுபதிப்பாகவும் வந்துவிட்டனவே?

கேட்டவர் பெயரை வெளியிடவில்லை. ஆனால் கேள்வியில் இருக்கும் சூட்டைப் பார்த்தால், அலமாரி முழுக்க காமிக்ஸ் அடுக்கி வைத்திருக்கும் ஒருவருடைய மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்று படுகிறது. தவறாக இருந்தால் மன்னிக்கவும். என் வீட்டிலும் இதே கேள்வி அடிக்கடி வரும், இவ்வளவு மரியாதையான நடையில் வராது என்பதுதான் வித்தியாசம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பையனின் அப்பா, இப்போது என் சம்பந்தி, நல்ல மனிதர், கூடத்து அலமாரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பேரன் பேத்திக்கு இப்போதே வாங்கி அடுக்கிவிட்டீர்கள் போலிருக்கிறது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். பெண் பார்க்க வந்த இடத்தில் ஹல்க் என்கிற பச்சை ராட்சதனுக்காக வாதாட முடியுமா? அன்றைக்கு விழுங்கிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிவகாசிப் பக்கத்துக்காரன். எங்கள் வயதுப் பையன்கள் எல்லாரையும் போல எனக்கும் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவிதான். 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அவனை வைத்துத்தான். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்தப் பிரிட்டிஷ் நாயகனை எங்கள் தெருவில் யாரும் வெளிநாட்டுக்காரனாக நினைத்ததில்லை. ஆனால் என் கைக்கு வந்த மாயாவி எல்லாம் கறுப்பு வெள்ளை. வண்ணத்தில் ஒரு சூப்பர் ஹீரோவை நான் பார்த்தது 1983இல். மாமாவுடன் மதராஸ் போயிருந்தபோது மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியலிலிருந்து அட்டை இல்லாத ஹல்க் காமிக்ஸ் ஒன்றை இரண்டு ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தார். அடுத்த இரண்டே ஆண்டில் அந்த மார்க்கெட் எரிந்துபோனது.

அட்டை இல்லாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம் என்று பின்னாளில்தான் தெரிந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் விற்காத பிரதிகளை முழுசாகத் திருப்பி அனுப்பியதில்லை. அட்டையையோ அதன் மேல் துண்டையோ மட்டும் கிழித்து அனுப்பினால் போதும், பணம் கிடைத்துவிடும். மீதியை அழித்துவிட வேண்டும் என்பது அன்றைய விதி. விதி எங்கும் விதியாக இருப்பதில்லை. என்னிடம் இருப்பது அப்படி அழியாமல் தப்பிய ஒன்றோ, அல்லது ஏதோ ஒரு குழந்தை அட்டையைக் கிழித்ததோ, நான் முதலாவதையே நம்பிக்கொள்கிறேன்.

1988இல் பத்தொன்பது வயதில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் கேமரா பிரிவில், அதாவது அச்சடிக்க வேண்டியதைப் படமெடுத்து ஃபிலிமாக்கும் இடத்தில், உதவியாளாகச் சேர்ந்தேன். அங்கே பிளேட் (அச்சுத் தகடு) போடுகிற அண்ணாச்சி ஒருவர் இருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் அந்த ஹல்க்கைப் புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து புள்ளி பார்க்கும் லென்ஸை எடுத்து ஹல்க்கின் மார்பின் மேல் வைத்து, "இதில் பச்சை எங்கே இருக்கிறது, காட்டு பார்ப்போம்" என்றார்.

குனிந்து பார்த்தேன். பச்சையே இல்லை. மஞ்சள் பரப்பின் மேல் வரிசை வரிசையாக நீலப் புள்ளிகள். ஓரங்களில் புள்ளிகள் சற்று நசுங்கி, காகிதத்தின் நார் இழுத்த பக்கமெல்லாம் கால் நீட்டியிருந்தன. லென்ஸை எடுத்தால் ஹல்க் பச்சை. வைத்தால் ஹல்க்கே இல்லை. அன்று எனக்கு இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் பிடித்துப்போயின. ஒன்று என் தொழில், மற்றொன்று இந்தப் புத்தகங்கள். அதன் பிறகு இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடிந்ததில்லை.

அந்தக் காலத்து அமெரிக்க காமிக்ஸ் எப்படி அச்சாகியது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓவியர் பென்சிலில் வரைவார், இன்னொருவர் மை போடுவார். அதைச் சிறிதாக்கி எடுத்த நகலின் மேல் வண்ணக்காரர் சாயத்தால் தீட்டி, ஒவ்வொரு இடத்திலும் எந்த மை எத்தனை சதவீதம் என்று குறியீடு எழுதுவார். மஞ்சள், சிவப்பு, நீலம் (நாங்கள் மெஜந்தா, சயான் என்போம்) மூன்றுக்கும் இருந்தவை நான்கே நிலைகள்: ஒன்றுமில்லை, 25, 50, 100. நான்கை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், 64. சூப்பர் ஹீரோக்களின் உலகம் முழுவதும், கோள்கள், வெடிப்புகள், காதலியின் கூந்தல் எல்லாம், இந்த 64 வண்ணங்களுக்குள் அடங்கியாக வேண்டும். அந்தக் குறியீட்டைப் பார்த்து, ஒவ்வொரு மைக்கும் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனிப் படலத்தில் கையால் பூசிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரத் தொழிற்கூடத்துப் பெண்கள். அவர்கள் பெயர் எந்தப் பக்கத்திலும் கிடையாது. பிறகு இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஸ்பார்டா என்ற சிற்றூரில், மட்டமான நியூஸ்பிரிண்ட் காகிதத்தில், லெட்டர்பிரஸ் அச்சு இயந்திரத்தில் லட்சக்கணக்கில் ஓடும். விலை 1960களில் பெரும்பாலும் 12 சென்ட்.

சம்பந்தியிடம் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஹல்க் பச்சையானதே அச்சுக்கூடத்தால்தான். 1962 மே மாத முதல் இதழில் அவன் சாம்பல் நிறம். எழுதியவர் ஸ்டான் லீ, வரைந்தவர் ஜாக் கிர்பி, வண்ணம் பார்த்தவர் ஸ்டான் கோல்ட்பெர்க். சாம்பலுக்கென்று தனி மை கிடையாது. மூன்று மைகளையும் மெலிதாகச் சேர்த்துத்தான் கொண்டுவர வேண்டும். அச்சுத் தொழிலில் ஒரு வாரம் வேலை பார்த்தவனுக்கும் தெரியும், மூன்று மையில் சாம்பல் நிறம் கொண்டுவருவது பூனையை மூட்டை கட்டுவது மாதிரி. ஏதாவது ஒரு மை ஒரு மயிரிழை கூடினால் சாம்பல் பச்சையடிக்கும், செம்மையடிக்கும். அப்படியே நடந்தது. ஒரு பக்கத்தில் வெளிறிய ஹல்க், அடுத்த பக்கத்தில் கிட்டத்தட்டக் கறுப்பு ஹல்க், இடையில் பச்சைச் சாயலும். இரண்டாம் இதழிலிருந்து பச்சை என்று தீர்மானித்துவிட்டார்கள். பச்சைக்கு இரண்டு மை போதும், கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பது என் தொழில் கணக்கு. 1986இல் ஹல்க் மறுபடி சாம்பலானான், அந்த நிறமே கதைக்குள் ஒரு விஷயமாகியது. அச்சில் நேர்ந்த குளறுபடி 24 ஆண்டுகள் கழித்துக் கதையாவது வேறு எந்த இலக்கியத்தில் நடக்கும்? (இலக்கியம் என்று சொன்னதற்கு யாராவது கிளம்பி வருவீர்கள். வாருங்கள்.)

இன்னொன்று. நாயகர்களுக்குப் பெரும்பாலும் அடிப்படை நிறங்கள்: சூப்பர்மேனுக்குச் சிவப்பு, நீலம், மஞ்சள். ஸ்பைடர்மேனுக்குச் சிவப்பு, நீலம். வில்லன்களுக்குக் கலந்து வரும் நிறங்கள்: பச்சை, ஊதா. கிரீன் காப்ளின், மிஸ்டீரியோ, ஊதாக் கால்சட்டை போட்ட லிசார்ட் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். பிறகு ஹல்க்கைப் பாருங்கள். பச்சை உடம்பு, ஊதாக் கால்சட்டை. நாயகனுக்கு வில்லனின் சட்டையை மாட்டிவிட்டிருக்கிறார்கள்! திட்டமிட்டுச் செய்தார்களா என்று கேட்காதீர்கள். எனக்குத் திட்டமிட்டதாகத்தான் படிக்க முடிகிறது.

வண்ணத்தைப் பற்றியே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1966 பிப்ரவரி தேதியிட்ட அமேசிங் ஸ்பைடர்மேன் 33ஆம் இதழைப் பாருங்கள். ஸ்டீவ் டிட்கோவின் ஓவியம், கதையமைப்பும் அவரே, வசனம் ஸ்டான் லீ. முந்தைய இதழின் முடிவிலேயே ஸ்பைடர்மேன் பிரம்மாண்டமான இயந்திரத்தின் அடியில் சிக்கிவிடுகிறான். மேலே கூரையில் தண்ணீர் கசிகிறது. சாகக் கிடக்கும் மே அத்தையைக் காப்பாற்றும் மருந்துக் குப்பி சில அடி தூரத்தில், கைக்கு எட்டாமல். சண்டை இல்லை, வில்லன் இல்லை. ஒரு மனிதனும் ஒரு பாரமும், அவ்வளவுதான். பக்கங்கள் நகர நகரக் கட்டங்கள் அகலமாகின்றன. ஒரு கட்டத்தில் முதுகு, ஒன்றில் கை, ஒன்றில் முகமூடிக்குள் ஓடும் நினைவுகள். ஐந்தாம் பக்கத்துக்குத் திருப்பினால் கட்டமே இல்லை, முழுப் பக்கம், இயந்திரம் மேலே போகிறது. பாரத்தைத் தூக்கியது யார்? கட்டத்தின் அளவை வைத்து டிட்கோ தூக்கியிருக்கிறார். சினிமாவில் இதற்கு இசை போட்டுவிடுவார்கள், இருபது விநாடியில் முடிந்துவிடும். இங்கே பக்கத்தைத் திருப்புகிற வேகம் உங்கள் கையில் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைத் திருப்புவதற்கு முன் இப்போதும் ஒரு நொடி நிற்பேன். அசல் இதழ் என்னிடம் இல்லை, அதை வாங்க வீட்டை விற்க வேண்டும். பழைய இதழை அப்படியே நகலெடுத்து வெளியிட்ட மறுபதிப்புதான்.

பளபளப்பான மறுபதிப்பு இருக்கிறதே என்கிறீர்கள். அதுதான் எனக்கு ஆகாது. நியூஸ்பிரிண்ட்டை மனதில் வைத்துத் தேர்ந்த வண்ணம் அது. மட்டக் காகிதம் மையைக் குடிக்கும், மஞ்சள் கொஞ்சம் மங்கும், சிவப்பு அடங்கும். அதே சதவீதத்தை ஆர்ட் பேப்பரில் போட்டால் திருவிழாச் சீரியல் விளக்கு மாதிரி கண்ணைக் குத்தும். இன்னும் சிலர் கணினியில் புதிதாக நிழலும் மினுக்கமும் சேர்க்கிறார்கள். கிர்பி தன் தடித்த கறுப்புக் கோட்டால் போட்ட நிழலின் மேல் இன்னொரு நிழலா?

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. அந்த இதழ்களில் பாதி குப்பை. இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை வில்லன் தன் திட்டத்தைத் தானே விளக்குவான். படத்தில் தெரிவதையே வசனத்தில் மறுபடி சொல்வார்கள். சூ ஸ்டார்ம் மாதிரி பெண் நாயகிகளைப் பல இடங்களில் மயங்கி விழவும் தேநீர் கொடுக்கவும் மட்டுமே வைத்திருந்தார்கள், படிக்கவே கூச்சமாக இருக்கும். மார்வெல் பதிப்பகமா டி.சி. பதிப்பகமா என்ற சண்டைக்கும் நான் வரவில்லை. புதிய காமிக்ஸ்களில் என்னைவிட நன்றாக வண்ணம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன்.

வண்ணம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் செல்போனை நீட்டி, "இதே கலர் வர வேண்டும்" என்கிறார்கள். செல்போனில் இருப்பது விளக்கு ஐயா, காகிதத்தில் இருப்பது மை. அதுவும் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்துக்கொண்டு காட்டுவார்கள். பிள்ளையார் படத்தின் ஆரஞ்சு சரியில்லை என்று ஐந்நூறு பத்திரிகையைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டவர் ஒருவர். வாசலில் வெயிலில் பிடித்துக் காட்டினேன், சரியாகத்தான் இருந்தது. அவர் திரும்பவும் செல்போனைப் பார்த்தார். பாதிப் பணம்தான் கொடுத்தார். இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

என் கேமரா பிரிவு இப்போது இல்லை. கணினியிலிருந்து நேராகப் பிளேட் போடும் இயந்திரம் வந்ததும் இருட்டறையைப் பூட்டிவிட்டார்கள், நாற்பது வயதில் நான் கல்யாணப் பத்திரிகை ஆர்டர் பிடிக்கிற ஆளானேன். அந்த நாட்களில்தான், என் அட்டை இல்லாத ஹல்க்கை வரைந்தவர் ஹெர்ப் டிரிம்ப் என்று கண்டுபிடித்தேன். 1968 முதல் 1975 வரை ஹல்க்கை வரைந்தவர் அவர். 1990களின் நடுவில், ஐம்பது வயதைக் கடந்த பிறகு, அவருக்கும் வேலை போயிருக்கிறது. படித்துப் பட்டம் வாங்கிப் பள்ளியில் ஓவிய ஆசிரியராகிவிட்டார். அந்த அனுபவத்தை 2000இல் ஒரு நியூயார்க் நாளிதழில் அவரே எழுதினார். அதைப் படித்த இரவு மூர் மார்க்கெட் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு கட்டத்தில் ஹல்க்கின் காதலி பெட்டி ராஸ் அழுகிறாள். சிவப்பு பிளேட் ரிஜிஸ்டர் விலகி, அதாவது மற்ற நிறங்களோடு பொருந்தாமல் நகர்ந்து, அவள் உதட்டுச் சிவப்பு ஒரு மில்லிமீட்டர் தள்ளிக் கன்னத்தில் விழுந்திருக்கிறது. ஸ்பார்டாவில் யாரோ ஒரு மெஷின்மேன் அந்த ராத்திரி கொஞ்சம் கண் அசந்திருக்கிறான். சினிமாவில் அவன் எங்கே இருக்கிறான், சொல்லுங்கள்.

நீங்கள் அந்த வீட்டம்மாதான் என்றால் ஒரு வேண்டுகோள். அலமாரியைச் சுத்தம் செய்யும்போது கிழிந்த பக்கம் கண்ணில் பட்டால் செலோடேப் ஒட்டிவிடாதீர்கள். பசை பழுத்து நியூஸ்பிரிண்ட்டில் பழுப்பாக இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. என் வீட்டில் நல்லெண்ணத்தோடு ஒட்டியிருக்கிறார்கள், மூன்று இதழ்களில்.