அரசியல் அறிவியல் படிக்க 12 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கைக்கு வருவது மாதம் 45,000 ரூபாய். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த மகள், பி.ஏ. அரசியல் அறிவியல்தான் படிப்பேன் என்கிறாள், ஐ.ஏ.எஸ். ஆசை. பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகை போக, விடுதியோடு ஆண்டுக்கு 4 லட்சம். செல்வமகள் சேமிப்பில் 4.2 லட்சம் இருக்கிறது. சொந்த வீடு உண்டு. கடன் வாங்கிச் சேர்க்கலாமா, வேறு படிப்புக்கு மாறச் சொல்லலாமா?

பதில்: படிப்பு இருக்கட்டும். அந்தப் பல்கலைக்கழகம்தான் வேண்டாம் என்பேன்.

கணக்கைப் பாருங்கள். 12 லட்சம் கடன், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் மூன்று வருடமும் அதற்கடுத்த ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். வருடத்துக்கு 4 லட்சமாக வாங்கினாலும், தனிவட்டியே நான்கு வருடத்தில் 3.78 லட்சம் சேர்ந்து கடன் 15.78 லட்சமாக நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 21,300 ரூபாய். முதல் தவணை வரும்போது உங்களுக்கு 55 வயது, முடியும்போது 65. கம்பெனி அதுவரை உங்களை வைத்துக்கொள்ளுமா?

மகள் கட்டிவிடுவாள் என்று நினைக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அவள் ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள். சிவில் சர்வீஸ் எழுதக் குறைந்தபட்ச வயது 21. முதல் முயற்சியிலேயே தேறுபவர்கள் கொஞ்சம்தான். சம்பளம் இல்லாத இரண்டு மூன்று வருடம் இந்தப் பாதையில் சகஜம். அந்த வருடங்களில் மாதாமாதம் 21,300 கட்டச் சொன்னால், பிள்ளை படிப்பாளா, தவணைத் தேதியைப் பார்த்துக்கொண்டிருப்பாளா?

அப்புறம், ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை. இந்தப் படிப்பு உதவுவது விருப்பப் பாடத்தில். மெயின் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் 500 அதற்குத்தான். அதை அரசுக் கல்லூரியில் படித்தாலும் அதே 500தான்.

நீங்கள் அனுப்பிய கட்டணத் தாளை இரண்டு முறை படித்தேன். '25 சதவீத உதவித்தொகை' கொட்டை எழுத்தில் இருக்கிறது. கீழே பொடி எழுத்தில், ஒவ்வொரு ஆண்டும் 8.5 கிரேடு எடுத்தால்தான் தொடரும் என்கிறார்கள். தவறினால் வருடத்துக்கு 75,000 கூடும். பலரும் அந்த வரிக்கு முன்பே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பிஎம் வித்யாலட்சுமியின் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருந்தால் பிணை கேட்க மாட்டார்கள். இல்லையென்றால் 7.5 லட்சத்தைத் தாண்டிய கடனுக்கு வங்கி உங்கள் வீட்டுப் பத்திரத்தைத்தான் கேட்கும். கல்விக் கடன் வட்டிக்கு 80இ வரிச்சலுகை இருக்கிறதே என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது பழைய வரிமுறையில் மட்டும்தான். உங்கள் வருமானத்துக்குப் புதிய முறையில் வரியே கிடையாது. இல்லாத வரியில் எதைக் கழிப்பது?

சரி, எங்கே சேர்ப்பது? சென்னை மாநிலக் கல்லூரி முதல் தேர்வு. 1840-ல் தொடங்கியது, அரசுக் கல்லூரி, கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரத்தோடு முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்தே படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். விடுதி, சாப்பாடு, ஊர் போய்வரும் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 10,000 ஒதுக்கினாலும் மூன்று வருடத்துக்கு 3.6 லட்சம். உங்கள் சம்பளத்திலேயே சமாளிக்கலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் நுழைவுத் தேர்வு எழுதியிருந்தால் டெல்லிப் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். அங்கே கட்டணத்தைவிட அறை வாடகைதான் கடிக்கும்.

செல்வமகள் பணத்தைத் தொடாதீர்கள். 18 வயதானாலோ பத்தாம் வகுப்பு தேறினாலோ, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதிவரை படிப்புக்கு எடுக்கலாம் என்பது விதி. அதை பி.ஏ.வுக்குக் கரைக்க வேண்டாம். புதுச்சேரியிலோ ஜே.என்.யூ.விலோ எம்.ஏ., அல்லது மூன்று வருடச் சட்டப்படிப்பு, அந்தக் கட்டத்தில்தான் அது வேலைக்கு வரும். எம்.ஏ.க்குப் பிறகு கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதி, ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஐ.ஏ.எஸ். கைகூடாவிட்டாலும் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு அது ஒரு வழி. பி.ஏ.வோடு நிறுத்தினால் மட்டும் வேலை கிடைப்பது கஷ்டம். இதை மகளிடம் ஒளிக்க வேண்டாம்.

பயிற்சிக்கும் இப்போதே லட்சங்களை எடுத்துவைக்க வேண்டியதில்லை. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில், நுழைவுத் தேர்வு மூலம் எடுக்கப்படும் 1,000 பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள்.

பெங்களூரில் அட்வான்ஸ் கட்டியிருந்தால், திரும்பக் கேட்டு இன்றே மெயில் போடுங்கள். நாளாக ஆகப் பிடித்தம் கூடும்.