படகுல இருந்து தவறி விழாம இருக்க: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

மேட்டூர் டேம் தண்ணில, பண்ணவாடிப் பக்கம் 20 வருசத்துக்கு மேல மோட்டார் படகு ஓட்டறேனுங்க. சின்னப் படகுல இருந்து ஆள் தவறி விழறதப் பத்தி என்ன வேணாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நெறையா கேட்டிருக்கீங்க. முடிஞ்ச வரைக்கும் எல்லாத்துக்கும் சொல்றேன்.

கொளத்தூர் தம்பி: அண்ணா, புதுசா 9.9 ஹெச்பி மோட்டார் வாங்கியிருக்கேன். சுருள் சுருளா ஒரு சிவப்புக் கயிறு குடுத்தாங்க. அது கட்டாயமா?

தம்பி, மோட்டாரை விட அந்தக் கயிறு முக்கியம். ஒரு முனைல இருக்கற கிளிப்பு மோட்டார்ல சிவப்பு பட்டனுக்கு அடில மாட்டும், இன்னொரு முனைய உன்ற மேல மாட்டிக்கோணும். நீ விழுந்தா கயிறு இழுபட்டு கிளிப்பு கழண்டுரும், கழண்ட உடனே எஞ்சின் நின்னுரும். இதுக்குப் பேரு கில் சுவிட்ச்.

மாட்டலைன்னா என்ன ஆகும்னு நான் பட்டிருக்கேன். 11 வருசத்துக்கு முந்தி ஒரு ஆடி மாசம், பொழுதோட நாகமரைல இருந்து தனியா வந்துட்டு இருந்தேன், கயிறு மோட்டார் மேலயே சும்மா தொங்கிட்டு இருந்துச்சு, பெட்ரோல் கேன் நவுந்து போகுதேன்னு ஒரு கைல மோட்டாரப் புடிச்சுட்டு எந்திரிச்சு குனிஞ்சேன், பக்கவாட்டுல ஒரு அலை அடிச்சுது, அவ்வளவுதான், தண்ணிக்குள்ள இருக்கேன். படகு போயிரும்னு தான நெனைப்போம்? போகாது. கைய விட்டதும் ஃபேன் (தண்ணிக்குள்ள சுத்தி படகத் தள்ளற எறக்கை) சுத்தற இழுப்புல மோட்டார் ஒரு பக்கமாத் திரும்பிக்கும், படகு வட்டம் போட்டு விழுந்தவன் மேலயே வரும். ரெண்டு தடவை முங்கித் தப்பிச்சேன், மூணாவது தடவை கெண்டைக்கால்ல பட்டுருச்சு. 14 தையல். பரிசல்ல மீன் புடிச்சுட்டு இருந்த ஒரு பெரியவரு வந்து தூக்குனதால தான் இன்னைக்கு எழுதிட்டு இருக்கேன்.

எஞ்சின் நிமிசத்துக்கு 5000 சுத்துல ஓடுனா கீழ பல்சக்கரம் ஏறக்குறைய பாதியாக் கொறச்சு ஃபேனுக்கு 2500 சுத்து குடுக்கும். அப்படின்னா ஒரு நொடிக்கு 40 தடவைக்கு மேல, ஒவ்வொரு தடவையும் மூணு எலை வெட்டும். அமெரிக்காவுல 2021 ஏப்ரல் 1ல இருந்து 26 அடிக்குக் கொறஞ்ச படகு வேகமாப் போறப்ப ஓட்டறவரு இதை மாட்டியே ஆகோணும்னு சட்டம் போட்டிருக்காங்க.

மாட்டற எடத்தப் பாத்து மாட்டு. லுங்கி முடிச்சுல வேண்டாம், அவுந்து அதோடவே போயிரும். ஜாக்கெட்ல இருக்கற வளையத்துல மாட்டு, இல்ல முழங்காலுக்கு மேல தொடைல சுத்தி மாட்டு. தெனமும் கரையிலயே எஞ்சின ஸ்டார்ட் பண்ணி ஒருக்கா இழுத்துப் பாரு, நிக்கோணும். வெயில்ல கெடந்து கயிறு வெடிச்சிருந்தா மாத்திரு. இன்னொரு கிளிப்பு வாங்கி முன்னால பொட்டில போட்டு வையி, ஏன்னா நீ கிளிப்போட தண்ணிக்குள்ள போயிட்டா கூட இருக்கறவன் எதை மாட்டி ஸ்டார்ட் பண்ணி உன்னத் தேடி வருவான்?

பவானி: கெணத்துல குதிச்சு வளந்தவனுங்க நான். எனக்கும் லைஃப் ஜாக்கெட் வேணுமா?

வேணுமுங்க. நம்ம ஊருல எல்லாரும் சுரைப்புருடையக் கட்டிட்டு கெணத்துல நீச்சல் பழகுனவங்க தான். ஆனா கெணத்துல நாமளாக் குதிக்கறோம், மூச்சு இழுத்துட்டு குதிக்கறோம். படகுல இருந்து விழறவன் விழறப்பவே தலைய பலகைல இடிச்சுக்கறான், இல்ல திடுக்குன்னு வாயத் தொறந்து தண்ணியக் குடிச்சர்றான். நெனப்பு போயிட்டா நீச்சல் தெரிஞ்சு என்ன பிரயோசனம்? ஜாக்கெட் மேல 50, 100ன்னு நியூட்டன் போட்டிருக்கும், அது எவ்வளவு பலமா மெதக்க வைக்கும்ங்கற அளவு. 50 நீச்சல் தெரிஞ்சவங்களுக்கு, கரைக்குப் பக்கத்துல. நடு டேமுக்குப் போறவங்க 100க்குக் கொறயாம வாங்குங்க. போட்டு பக்கிள மாட்டிட்டு தோள்பட்டைல புடிச்சு மேல தூக்கச் சொல்லுங்க, மூஞ்சி வரைக்கும் ஏறுனா அது உங்களுக்குப் பெருசு. இன்னொண்ணு, அதை மடிச்சுப் போட்டு மேல உக்காராதீங்க. உள்ள இருக்கற ஃபோம் நசுங்கி மெதக்கற சக்தி போயிரும். பாதிப் படகுல இதான் நடக்குது, பாத்தா மனசு பதறுது.

பூலாம்பட்டி: எந்த நேரத்துல தாங்க எச்சா விழறாங்க?

எந்திரிச்சு நிக்கறப்ப. வலை தூக்க, ஒண்ணுக்கு இருக்க, கேன எடுக்க. ஒண்ணுக்கு வந்தா ஒரு பழைய டப்பாவ வெச்சுக்கங்க, உக்காந்தே இருங்க, கூச்சப்படற விசயமே இல்ல இது. வலை தூக்கறப்ப எஞ்சின நிறுத்திட்டு, ரெண்டு முட்டியவும் படகு ஓரத்துல முட்டுக் குடுத்து தாழ உக்காந்து இழுங்க. சட்டை பட்டன்ல வலை மாட்டும், மாட்டுனா வலையோட கனம் உங்களையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும், அதனால பட்டன் இல்லாத பனியன் போடுங்க, இடுப்புல கத்தி இருக்கட்டும். நடமாடியே ஆகோணும்னா ரெண்டு கால் ஒரு கை, இல்ல ரெண்டு கை ஒரு கால், எப்பவும் மூணு படகைத் தொட்டுட்டு இருக்கோணும்.

சத்தியமங்கலம்: பவானிசாகர்ல கோடைல ஓட்டறப்ப அடில ஏதோ இடிச்சு மாமா முன்னால பறந்து விழுந்துட்டாருங்க.

தண்ணி எறங்குனா பவானிசாகர்ல டணாயக்கன் கோட்டை மேல வரும், எங்க பக்கம் நந்தி சிலை வெளிய தெரியும். தெரியறது பிரச்சனை இல்லீங்க, ஒரு அடி தண்ணிக்கு அடில தெரியாம நிக்கற செவுரும் மரமுட்டியும் தான் ஆளத் தூக்கி எறியும். தண்ணி கொறஞ்ச மாசத்துல மெதுவாப் போகச் சொல்லுங்க, மாமா நின்னுட்டு ஓட்டவே கூடாது.

பொள்ளாச்சி: ஆடிக் காத்துல போலாமா?

பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து மேக்காத்து அடிக்கறப்ப காலைல வெள்ளன போயிட்டு காத்து ஏறறதுக்குள்ள கரைக்கு வந்துருங்க. மாட்டிக்கிட்டா அலைய பக்கவாட்டுல வாங்காம சாய்வா ஏறுங்க, வேகத்தக் கொறைங்க, சடக்குன்னு திருப்பாதீங்க.

கோபி: கொழந்தைய முன்னால நுனில உக்கார வெச்சா சந்தோசப்படுது...

வேண்டாமுங்க கண்ணு. நுனில இருந்து விழுந்தா படகு மேல ஏறி, கடைசில ஃபேன் தான். நடுவுல, பலகைல, ஜாக்கெட்டோட உக்கார வைங்க.

அந்தியூர் அம்மிணி: என்ற வீட்டுக்காரரு விழுந்துட்டா கூட இருக்கற நான் என்னங்க பண்றது?

நல்ல கேள்வி அம்மிணி, இதைக் கரையிலயே ரெண்டு பேரும் ஒருக்கா பழகிப் பாருங்க. அவரு ஓட்டிட்டு இருந்து விழுந்தா கில் சுவிட்ச் நிறுத்தியிருக்கும். வேற யாராச்சும் விழுந்தா உடனே ஆக்சிலேட்டரக் கொறைக்கோணும், படகோட முன்பக்கத்த ஆள் விழுந்த பக்கமாத் திருப்போணும், அப்பத்தான் பின்பக்கமும் ஃபேனும் அவர விட்டு வெலகும். கண்ண எடுக்காம கைய நீட்டிக் காட்டிட்டே இருங்க, அலைல தலை தேங்காய் அளவு தான் தெரியும், ஒரு நொடி திரும்பிப் பாத்தாக் காணாமப் போயிரும். மெதக்கறது எது கைல கெடைச்சாலும் வீசுங்க. மூடி இறுக்குன 5 லிட்டர் காலிக் கேன்ல 15 மீட்டர் கயிறு கட்டி எப்பவும் தயாரா வெச்சிருங்க. எதிர்க்காத்துல மெதுவாப் போங்க, அப்ப படகு சீக்கிரம் நிக்கும், கிட்டப் போனதும் எஞ்சின நிறுத்திருங்க. நியூட்ரல் போதாது, நிறுத்தோணும். நீங்க தண்ணிக்குள்ள குதிக்காதீங்க. கை முழங்கையப் புடிச்சு இழுத்தா வராது, ஜாக்கெட்டோட தோள்பட்டைப் பட்டையப் புடிங்க, ஒருக்கா கீழ அமுக்கி அந்த எழும்பற வேகத்துலயே மேல இழுங்க.

எடப்பாடி: தனியாப் போறவன் எப்படிங்கண்ணா மேல ஏறறது?

ஈர உடம்போட கை பலத்துல மட்டும் ஏறவே முடியாது, நான் முயற்சி பண்ணிப் பாத்திருக்கேன். படகு ஓரத்துல ஒரு கயித்தக் கட்டி, தண்ணிக்குள்ள ரெண்டு அடி எறங்கற மாதிரி சுருக்கு போட்டு வையுங்க, அது தான் படி. சுருக்குக்குள்ள கால் வழுக்காம இருக்க பழைய ஓஸ் பைப்புத் துண்டு ஒண்ண நுழைச்சுக்கங்க. ஃபோன் படகுல இருக்கக் கூடாது, தண்ணி போகாத கவர்ல போட்டு கழுத்துல இருக்கோணும், 112க்கு அடிக்கலாம். ஒரு விசிலும் அதோட கட்டிக்கங்க. சுருக்கு போடத் தெரியலைன்னா ஞாயித்துக்கெழமை காலைல பண்ணவாடித் துறைக்கு வாங்க, கட்டிக் காட்டறேன்.