கணினியில் வரைந்த வீட்டை அப்படியே 3டி பிரிண்டரில் கொடுத்தால் கட்டட மாதிரி கிடைத்துவிடுமா?

அப்படியே கொடுத்தால் கிடைக்காது. கட்டுவதற்காக வரைந்த கோப்பு வேறு, மாதிரிக்கான கோப்பு வேறு. இரண்டாவதைத் தனியாகத் தயார் செய்ய வேண்டும். மாதிரி செய்வதையே தொழிலாகக் கொண்டவன் நான். என் நேரத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது.

முதலில் ஸ்கேலை முடிவு செய்யுங்கள். 1:100 என்றால் 200 மி.மீ. சுவர் 2 மி.மீ. ஆகும்; உறுதியாக நிற்கும். அதே வீட்டின் படிக்கட்டில் 40 மி.மீ. கைப்பிடிக் குழாய் இருந்தால் அது 0.4 மி.மீ. ஆகிவிடும். பரவலாகப் பயன்படும் பிரிண்டர்களில் உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் முனையான நாசிலின் துளையே 0.4 மி.மீ. தான். 1:200க்குப் போனால் அந்தக் குழாய் அச்சில் வராது, வந்தாலும் கை பட்டவுடன் ஒடியும். ஆகவே ஒவ்வொரு சிறு உறுப்பையும் தடிமனாக்குவதா, அடியோடு விட்டுவிடுவதா என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். நான் பெரும்பாலும் விட்டுவிடுவேன். 1:200 மாதிரியில் கதவுக் குமிழைத் தேடி யாரும் குனிவதில்லை. கட்டடத்தின் மொத்த உருவம், திறப்புகளின் ஆழம், அவற்றில் விழும் நிழல் ஆகியவைதான் பார்ப்பவரை நிறுத்துகின்றன. உழைப்பை அங்கே போடுங்கள்.

அடுத்து, திரையில் சுவராகத் தெரிவது பல சமயம் தடிமனே இல்லாத வெறும் பரப்பாக இருக்கும். பிரிண்டருக்கு எது உள்ளே, எது வெளியே என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு பாகமும் இடைவெளியின்றி மூடிய திண்மமாக இருக்க வேண்டும். பிரிண்டருக்காக வடிவத்தைச் சேமிக்கும் எஸ்டிஎல் (STL) கோப்பில் அலகு பதிவாவதில்லை என்பதால், திறந்தவுடன் ஒரு சுவரின் நீளத்தை மில்லிமீட்டரில் சரிபாருங்கள்.

முழு வீட்டையும் அச்சிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தட்டையான சுவரும் தளமும் லேசரில் வெட்டினால் விளிம்பு கூர்மையாக வரும், நேரமும் மிச்சம். வளைந்த படிக்கட்டு, குவிமாடம் போன்றவற்றை மட்டும் பிரிண்டருக்கு விடுங்கள். நிலத்தின் ஏற்ற இறக்கமும் லேசருக்கே உரியது: 1:500 ஸ்கேலில் 2 மி.மீ. அட்டை ஒன்று 1 மீட்டர் உயரத்தைக் காட்டும். அடுக்கினால் மேடு தயார்.

லேசர் வெட்டும் இடத்தில் கொஞ்சம் பொருள் எரிந்துபோகும், ஏறக்குறைய 0.1 முதல் 0.2 மி.மீ. வரை. அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் செருகும் பள்ளங்கள் தளர்ந்துவிடும். துண்டு அட்டையில் ஒரு பொருத்தத்தை வெட்டிப் பார்த்துவிட்டு மீதியைத் தொடங்குங்கள். வரைபடத்தில் ஒரே கோடு இரண்டு முறை கிடந்தால் லேசரும் இரண்டு முறை ஓடி விளிம்பைக் கருக்கிவிடும். பிவிசி தகட்டை லேசரில் வைக்கவே கூடாது. சூட்டில் வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலுக்கும் கேடு, இயந்திரத்தையும் அரித்துவிடும்.

கண்ணாடிக்கு மெல்லிய அக்ரிலிக் போதும். சூப்பர் க்ளூவை அதன் அருகில் கொண்டுபோகாதீர்கள், ஆவி பட்டு வெண்மை படரும். கூரையை ஒட்டாமல் கழற்றும்படி வைத்துவிடுங்கள். உள்ளே அறைகள் எப்படி இருக்கின்றன என்றுதான் பார்ப்பவர்கள் உடனே கேட்பார்கள்.